யாருக்கு ஜொரம்?

என் மச்சான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். சாமான் ஏற்றுகிற சரக்கு, நம் ஊர்ச் சரக்கு இல்லை. பொங்கலுக்கு லீவில் வந்தவன் லுங்கிகளுக்கு நடுவே சுற்றி ஆறு குட்டி பாட்டில் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றும் 100 மில்லி. உள்ளே ஆரஞ்சு நிறத் தண்ணி. பேர் குரோதினோ, இத்தாலிக்காரர்களுடையது. "ஒரு சொட்டு சாராயம் கிடையாது மாமா, தைரியமா குடி" என்று கையில் திணித்தான். நான் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்பது இங்கே வேண்டாத கதை.

அன்றைக்கு ராத்திரி காசிமேட்டு வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. சாப்பிட்டு முடித்து மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு பாட்டிலைத் திறந்தேன். முதலில் இனிப்பு. அடுத்து ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. விழுங்கின பிறகுதான் விஷயமே: அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. அடுத்த வாய் எடுக்க அவசரம் வரவில்லை. இரண்டு வருஷமாக எனக்குக் குறைந்தது போதை இல்லை, இதுதான் என்று அப்போது புரிந்தது. தட்டை எடுத்த பிறகு ஒரு சின்ன கிளாஸ், அதை மெதுவாகக் குடிக்கிற கால் மணி நேரம். பன்னீர் சோடாவை மூன்றே மடக்கில் குடித்துவிடுகிறேன், அதில் கால் மணி நேரம் எங்கே இருக்கிறது?

இது சாப்பிடுவதற்கு முன்னால் குடிப்பது என்றான் மச்சான். சாப்பிட்ட பிறகு குடிப்பதற்கென்று அங்கே வேறு ஜாதி இருக்கிறது, பேர் அமாரோ. இத்தாலிய மொழியில் கசப்பு என்றே அர்த்தம். மிலான் நகரத்துப் பிராங்கா குடும்பத்தின் ஃபெர்னெட் என்ற அமாரோ 1845-லிருந்து வருகிறது. ஜெண்டியன் என்ற மலைச்செடியின் வேர், கிச்சிலி வகைத் தோல், சின்கோனா பட்டை, இன்னும் பத்து இருபது மூலிகை என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரகசியக் கணக்கு. ஜெண்டியன் வேரில் இருக்கிற ஒரு சத்தை 5 கோடியே 80 லட்சம் பங்கு தண்ணியில் ஒரு பங்கு கரைத்தாலும் நாக்கு கசப்பைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்த அமாரோ எல்லாமே சாராயம். அது எனக்கு ஆகாது.

நான் ஏசி மெக்கானிக். ஒரு பார்ட் இல்லாமல் மெஷினை ஓட்டவேண்டுமென்றால் அந்த பார்ட் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் பார்ப்பேன். இங்கே சாராயம் செய்வது போதை மட்டும் இல்லை. வேரிலும் தோலிலும் இருக்கிற எண்ணெயை இழுத்துத் தனக்குள் பிடித்து வைப்பது அது. தொண்டையில் சுரீர் என்று இறங்குவது அது. வாயில் தண்ணி மாதிரி ஓடாமல் கொஞ்சம் கனமாக நிற்க வைப்பதும், வருஷக்கணக்கில் கெடாமல் காப்பதும் அதே ஆள்தான். அவனை வேலையை விட்டு நிறுத்தினால் நாலு வேலைக்கும் நாலு ஆள் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு ராசப்ப செட்டி தெருவுக்குப் போனேன். கந்தக்கோட்டம் கோயில் இருக்கிற அதே தெரு. நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும், தெருவுக்குள் திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். நிலவேம்பு, நன்னாரி வேர், சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வெட்டிவேர் எல்லாம் ஐம்பது ஐம்பது கிராம் கேட்டேன். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே, "உடம்புக்கு என்னா பண்ணுது?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா குடிக்கத்தான்."

நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். "நிலவேம்பை யாரும் சும்மா குடிக்க மாட்டாங்களே" என்றார்.

அந்த வார்த்தையை அப்போதே சரியாகக் கேட்டிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் தடவை எல்லோரும் செய்கிற தப்பைத்தான் செய்தேன். வாங்கினதில் எல்லாவற்றிலும் ஒரு கை எடுத்து, நாலு கமலா ஆரஞ்சுத் தோலையும் போட்டு, ஒரு லிட்டர் தண்ணி ஊற்றிப் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க அப்படி ஒரு மணம். பெருமையாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து மாடி வீட்டு அத்தை படியில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்கள்: "யாருக்குடா ஜொரம்?"

வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஆறவைத்துக் குடித்தேன். கஷாயம். இரண்டாவது கருத்து சொல்ல இடமே இல்லாத கஷாயம். டெங்கு சமயத்தில் முகாமில் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்த நிலவேம்புக் குடிநீர் இருக்கிறதே, அதற்கு ஆரஞ்சுச் சட்டை போட்டுவிட்ட மாதிரி. யோசித்தால் அதுவேதான். அந்தக் குடிநீரில் சேருகிற ஒன்பது சரக்கில் நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு மூன்றும் என் பாத்திரத்திலும் இருந்தன. இத்தனை வருஷமாக அந்த ருசியைக் காய்ச்சலோடு சேர்த்தே குடித்த நாக்கு வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

இன்னொரு தப்பு பிறகுதான் உறைத்தது. வீடு முழுக்க மணத்தது என்றால், மணம் வீட்டுக்குப் போய்விட்டது, பாத்திரத்தில் இல்லை. தோலில் இருக்கிற எண்ணெய் ஆவியோடு பறந்துவிடும் சமாச்சாரம். அரை மணி கொதிக்கவிட்டால் கசப்பும் துவர்ப்பும் மட்டும் அடியில் தங்கும். கேஸ் லீக் ஆகிற ஏசியை நாள் முழுக்க ஓட்டிவிட்டு ஏன் குளிரவில்லை என்று கேட்பவனைப் பார்த்து நான் சிரிப்பேன். இப்போது நானே.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். மனைவியின் சித்தப்பா சவுகார்பேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் பழைய எலக்ட்ரானிக் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கினேன், அரை கிராம் கால் கிராம் எல்லாம் துல்லியமாகக் காட்டும். வேலைக்கு எடுத்துப்போகிற டெம்பரேச்சர் மீட்டருக்குப் புதுசாக ஒரு கம்பி சென்சார் வாங்கிச் சமையலுக்கென்று தனியாக வைத்தேன். எங்கள் தெரு போர் தண்ணியில் டீ போட்டாலே உப்புக் கரிக்கும், அதனால் கேன் தண்ணி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பாத்திரம்.

கசப்பில்தான் அதிக நாள் போனது.

நிலவேம்பைக் கொதிக்கவைக்காமல் பச்சைத் தண்ணியில் போட்டுப் பார்த்தேன். 100 மில்லிக்கு 2 கிராம், ஒரு மணி நேரம். வாயில் வைக்க முடியவில்லை. ஒரு கிராம், அரை மணி. அப்பவும் முகாம் ஞாபகம். வேப்பம்பூவை வறுத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று அம்மா சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சோறு கொண்டுவரச் சொல்லிக் கேட்கத் தோன்றியது, அவ்வளவு ரசம். பாகற்காயைப் பற்றி எழுத விரும்பவில்லை.

விடை காப்பிக் கடையில் கிடைத்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் ஏசி சர்வீஸ் முடித்துவிட்டுப் பக்கத்தில் காப்பித்தூள் வாங்க நின்றேன். அரைக்கிறவர் "சிக்கரி எவ்ளோ போடட்டும்?" என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். சிக்கரி! அதுவும் ஒரு வேர்தானே. வறுத்த வேர், கருகின சர்க்கரை வாசனை, நல்ல கசப்பு, காஃபின் கிடையாது. ராத்திரி குடித்தாலும் தூக்கம் போகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தக் கசப்பு நம் நாக்குக்கு மருந்து இல்லை, காப்பி. பிறந்ததிலிருந்து பழகின கசப்பு. "வெறும் சிக்கரி நூறு கிராம் குடுங்க" என்றேன். "வெறும் சிக்கரியா? எல்லாரும் அது வேணாம்னுதான் சண்டை போடுவாங்க" என்றார். சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நான் கேட்டது சட்டத்துக்கு அந்தப்பக்கம்.

வீட்டு ஃபில்டரில் அதைப் போடாதீர்கள். நான் போட்டேன். சிக்கரி தண்ணியைக் குடித்து ஊதி, துவாரத்தை அடைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் நாலு சொட்டு இறங்கியது. "என் ஃபில்டர்ல இன்னாத்த போட்டீங்க?" என்று மனைவி கேட்டதற்கு இன்னும் முழு பதில் சொல்லவில்லை. சரியான வழி: 12 கிராம் சிக்கரியில் 200 மில்லி சூடான தண்ணி ஊற்றவேண்டும், கொதித்து இறக்கி ஒரு நிமிஷம் ஆனது, மீட்டரில் 90 டிகிரி. ஐந்து நிமிஷம் மூடி வைத்து, மெல்லிசான வேட்டித் துணியில் வடிகட்டினால் 180 மில்லி கிடைக்கும், கறுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தில். அளவை மீறினால் வயிறு உப்பும், அதுவும் அனுபவம். சாப்பாடு செரிக்கக் குடிப்பது வயிற்றை ஊதவைத்தால் என்ன நியாயம்?

ஆனால் சிக்கரியின் கசப்பு நாக்கின் முன்பக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. அந்த அடிநாக்கு வேலைக்கு நிலவேம்புதான் வேண்டும். 100 மில்லி பச்சைத் தண்ணியில் 0.6 கிராம், பதினைந்தே நிமிஷம், வடிகட்டு. பட்டறைத் தராசு இல்லையென்றால் இது நடக்காது. சிக்கரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் நிலவேம்பை யாராலும் பேர் சொல்ல முடியவில்லை. மச்சான் சம்சாரம் மாசமாக இருக்கிறாள், நிலவேம்பு கலந்த எதையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்கு நன்னாரி சர்பத் தனியாக.

அதிமதுரத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு, நாக்கில் ரொம்ப நேரம் நிற்கும், கசப்புக்கு நல்ல ஜோடி. ஆனால் தொடர்ந்து குடித்தால் ரத்தக்கொதிப்பை ஏற்றிவிடும். அப்பா இரண்டு வேளை பிரஷர் மாத்திரை போடுகிறவர். பொட்டலம் இன்னும் அப்படியே அலமாரியில் இருக்கிறது.

வாசனைக்குத் தோல். கமலா ஆரஞ்சு நாலு, நார்த்தங்காய் ஒன்று. உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியால் மேல்தோலை மட்டும் சீவவேண்டும், உள்ளே இருக்கிற வெள்ளை வந்தால் வேறு மாதிரி முரட்டுக் கசப்பு. சீவின தோலை எடையில் இரண்டு பங்கு சர்க்கரையில் போட்டுக் கையால் பிசைந்து மூடி வைத்துவிட்டால் காலையில் ஆச்சரியம் காத்திருக்கும். சர்க்கரை தோலிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, தானும் பாதி கரைந்து, டப்பாவைத் திறந்ததும் மூக்கில் அறையும். அடுப்பே இல்லை. கொஞ்சம் வெந்நீர் விட்டு மீதிச் சர்க்கரையைக் கரைத்துப் பிழிந்தால் 150 மில்லி பாகு. சாராயம் செய்யவேண்டிய முதல் வேலையைச் சர்க்கரை செய்துவிட்டது.

நன்னாரியைப் பற்றி நாட்டு மருந்துக் கடைக்காரர் சொன்னதுதான் சரி: வேரைத் தட்டினால் மேல்பட்டை தனியாகக் கழன்றுவரும், நடுவில் இருக்கிற குச்சியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மணம் முழுக்கப் பட்டையில். நன்னாரிக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற பொருள் வெனிலாவின் வாசனைப் பொருளுக்குக் கூடப்பிறந்தது மாதிரி, அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. இது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. ஏனென்றால் வெனிலா எசென்ஸ் வாங்கினால் பெரும்பாலும் அதிலேயே சாராயம் இருக்கும். காக்டெயிலில் சொட்டு சொட்டாக விடுகிற அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இருக்கிறதே, அதில் 44.7 சதவீதம் சாராயம். பக்கத்து வீட்டு பாய் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், சாயங்காலம் மாடிக்கு வருவார். அவர் கையில் கொடுக்கும்போது "கலப்பே இல்லை" என்று நான் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தொண்டையில் சுரீர் என்பதற்குச் சுக்கும் திப்பிலியும். இவை கொதித்தாலும் காரம் பறந்து போகாது, மாறாகக் கொதித்தால்தான் இறங்கும். இஞ்சி காயும்போது அதன் காரம் இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறிவிடுகிறது, அதனால் பச்சை இஞ்சி வேண்டாம், சுக்கு. 5 கிராம் சுக்கு தட்டியது, திப்பிலி இரண்டு, 200 மில்லி தண்ணியில் பத்து நிமிஷம். 70 டிகிரிக்கு ஆறினதும் 10 கிராம் நன்னாரிப் பட்டையை அதிலேயே போட்டு மூடி ராத்திரி முழுக்க வைத்தேன். வடித்தால் 120 மில்லி. அக்கரகாரம் என்ற வேரையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். "நாக்கு மரத்துப் போகும், பாத்துப் போடு" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். பார்த்துப் போடவில்லை. அரை மணி நேரம் எனக்கு 'ழ' வரவில்லை, 'ல'வும் வரவில்லை.

கனத்துக்குப் பாதாம் பிசினை ஊறவைத்து அரைத்து ஊற்றினேன், மதுரையிலிருந்து ஜிகர்தண்டா விருந்தாளியாக வந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பிராட்வேயில் கேக் சாமான் விற்கிற கடையில் சாப்பிடுகிற தரத்து கிளிசரின் சின்ன பாட்டில் வாங்கினேன். மொத்தத்துக்கும் 20 மில்லி. தானே கொஞ்சம் இனிக்கும், வாயில் வழவழவென்று நிற்கும். மருந்துக் கடையில் தோலுக்குத் தடவ விற்கிற கிளிசரின் வேண்டாம்.

இதெல்லாம் சேர்ந்து ஒரு மாதிரி நல்ல நிலைக்கு வந்த சமயத்தில்தான் விபத்து. மார்ச் கடைசி வாரம். ஒரு தண்ணி பாட்டில் நிறையக் கலந்து வைத்தேன், ஃபிரிட்ஜில் இடமில்லை என்று சமையலறை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். ஊரில் பாதிப் பேருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் வீட்டில் ஃபிரிட்ஜில் இடமில்லை. மூன்றாம் நாள் பாட்டில் உருண்டையாக ஊதி நின்றது. மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று நுரையோடு கூரை வரைக்கும் அடித்தது. ஓடிவந்த மச்சான் பாட்டிலில் மிச்சமிருந்ததை மோந்து பார்த்துவிட்டு, "மாமா, சரக்கு இல்லாத சரக்கு செய்றேன்னு சொல்லிட்டு நெஜ சரக்கையே காச்சிட்டியே" என்றான்.

நடந்தது இதுதான்: ஆரஞ்சுத் தோலிலேயே காட்டு ஈஸ்ட் இருக்கும். அதற்குச் சர்க்கரையும் கொடுத்து, தண்ணியும் ஊற்றி, சென்னை வெயிலில் மூடியும் வைத்தால் அது தன் வேலையைச் செய்யாமல் என்ன செய்யும்? கண்ணாடி பாட்டிலாக இருந்திருந்தால் வெடித்திருக்கும். பிளாஸ்டிக்காக இருந்ததால் ஊதிக் காட்டிக்கொடுத்தது. அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினேன். அன்றிலிருந்து தோல் பாகை மட்டும் தனியாக, வேறு தண்ணி சேர்க்காமல் கெட்டியாக வைத்திருக்கிறேன், ஃபிரிட்ஜில் பல வாரம் நிற்கிறது. மீதித் தண்ணிகளைக் கலந்துவிட்டால் 4 டிகிரியில் ஐந்து நாள்தான் கணக்கு. சாராயம் செய்த நாலாவது வேலைக்கு மட்டும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை, கம்ப்ரஸர்தான் செய்கிறது.

ஏப்ரல் முதல் ஞாயிறு மாடியில் ருசி பார்த்தோம். நாலு பாட்டில், வயரிங்குக்குச் சுற்றுகிற இன்சுலேஷன் டேப்பில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை ஒட்டினேன். எதில் என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். சிவப்பில் சிக்கரி கம்மி, நிலவேம்பு ஜாஸ்தி. நீலம் மேலே சொன்ன கணக்கு. மஞ்சளில் வெட்டிவேர். பச்சையில் சர்க்கரை பாதி, எலுமிச்சை இரண்டு ஸ்பூன். எட்டு மணிக்கே சாப்பாட்டை முடிக்கச் சொன்னேன். கடல் காற்று நின்று, மேற்கிலிருந்து காற்று திரும்பினால் எங்கள் பக்கம் மணலி ஆலைகளின் வாடை வந்துவிடும், அதற்கப்புறம் எந்த நன்னாரியும் எடுபடாது. வடசென்னையில் வாசனை பார்க்கிற வேலைக்கு நேரம் காலம் உண்டு.

முதலில் ஐஸ் இல்லாமல் ஊற்றினேன். அது ஒரு பாடம். நாலுமே கஷாயம்! அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தேன் குடு, குழைச்சுக் குடிக்கிறேன்" என்றார்கள். அதே பாட்டிலை ஐஸ் கட்டியின் மேல் ஊற்றி, மீட்டரில் 8 டிகிரி காட்டினதும் கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளரையும் மாற்றி, சின்ன கண்ணாடி கிளாஸ். சூடும் டம்ளரும் போனதும் அம்மா முகத்தில் சுளிப்பு போய்விட்டது.

சிவப்பு எல்லோருக்கும் மருந்து. அப்பா மட்டும் அதையே இரண்டாம் தடவை கேட்டார், அவர் பாகற்காய்க் கட்சி. மஞ்சளைக் குடித்துவிட்டு என் மனைவி, "பொட்டுக்கடைல சாமி சாமான் வாங்கப் போன மாதிரி இருக்குங்க" என்றாள். வெட்டிவேர் அவ்வளவுதான். பச்சை எலுமிச்சை ஜூஸ், கெட்ட பழக்கம் கற்றுக்கொண்ட எலுமிச்சை ஜூஸ்.

நீலத்தில் எல்லோரும் நின்றார்கள். பாய் ஒரு வாய் குடித்து, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு வாய் குடித்தார். "தம்பி, பிரியாணிக்கு அப்புறம் நாங்க சுலைமானி டீ குடிப்போம்ல, இது அதுக்கு சித்தப்பா புள்ள மாதிரி இருக்கு. ஆனா முடிவு இல்ல" என்றார்.

"முடிவு இல்லன்னா?"

"சாப்பாடு முடிஞ்சிச்சுன்னு சொல்லல. இன்னும் எதுவோ வரணும்ங்கிற மாதிரி நிக்குது."

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. "எங்க மாமியார் இருந்திருந்தா கேட்டிருப்பாங்க, வெத்தலை எங்கன்னு" என்றார்கள். கிழவியின் வெற்றிலைப் பெட்டி எனக்கும் ஞாபகம் இருக்கிறது, பித்தளை, மூடி சரியாக உட்காராது. சாப்பாடு முடிந்தது என்று இந்த வீட்டில் அறிவிக்கிற சத்தமே அந்த மூடிதான். மிலான்காரன் வேரைத் தேடிப் போனான், நமக்குக் கசப்பும் காரமும் துவர்ப்பும் சேர்த்து ஒரு இலையிலேயே மடித்து வைத்திருக்கிறார்கள். நான் அதை விட்டுவிட்டு ராசப்ப செட்டி தெருவையே சுற்றியிருக்கிறேன்.

மச்சான் கல்மண்டபம் வரை ஓடிப்போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவந்தான். காம்பும் நடு நரம்பும் கிள்ளி, மூன்று இலையைக் கையால் கிழித்துத் தோல் பாகில் போட்டேன். சுடவைக்கவில்லை. சுடவைத்தால் கீரை வாசனை வரும், அது மறுநாள் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒரு மணி நேரம் பாகில் ஊறினதும் இலையை எடுத்துவிட்டு நீலத்தோடு கலந்து, ஒரு கிராம் உப்பு, ஒரு ஸ்பூன் எலுமிச்சை. உப்பு தெரியாது, கசப்பின் முனையை மட்டும் மழுக்கும்.

கிளாஸுக்கு 40 மில்லி, இரண்டு ஐஸ் கட்டி. விரும்பினால் அதே அளவு சோடா, நான் ஊற்றுவதில்லை. முதலில் ஆரஞ்சுத் தோல், அதன் பின்னால் காப்பி மாதிரி ஒரு கறுப்பு, நடுவில் நன்னாரி, விழுங்கும்போது சுக்கு. எல்லாம் போய்விட்டது என்று நினைக்கும்போது நிலவேம்பும் வெற்றிலையும் சேர்ந்து அடிநாக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கின்றன. பாய் கிளாஸைக் கீழே வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், "சரி தம்பி, நான் கிளம்புறேன்" என்றார். காற்று அதற்குள் திரும்பிவிட்டது, மணலி வாடை வந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, பாயும் சேர்த்து.

போன வாரம் மச்சான் கப்பலுக்குப் போனான். கெட்டிப் பாகு ஒரு பாட்டில், சிக்கரிப் பொட்டலம், அளந்து கட்டின நிலவேம்புப் பொட்டலம் பத்து, எல்லாவற்றிலும் நீல டேப் ஒட்டிக் கொடுத்தனுப்பினேன். நேற்று கொழும்பிலிருந்து வாய்ஸ் மெசேஜ்: "மாமா, மூடி லீக் ஆயிடுச்சு. பையில இருக்கிற அத்தனை சட்டையும் வெத்தல வாசனை. கேப்டன் யாருக்கு கல்யாணம்னு கேக்குறாரு."